பட்டமும் பட்டியலும்

பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் வரிசைப்படுத்தி மத்திய அரசு வெளியிடும் பட்டியல் 2016லிருந்து வருஷந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. தேசிய நிறுவனத் தரவரிசை என்று அதற்குப் பெயர். வெளியான வாரத்தில் என் பாங்க் கிளைக்கு வருகிற பெற்றோரில் இரண்டொருவராவது அதைப் பற்றி விசாரிப்பார்கள். நெய்வேலிக்காரர்களுக்கு வரிசை என்பது புதிய விஷயமில்லை. இந்த டவுன்ஷிப்பில் வீட்டின் ரகத்தைச் சொன்னால் வீட்டுக்காரரின் உத்தியோகத் தரத்தைச் சொல்லிவிடலாம். எந்த பிளாக், எந்த ரக வீடு என்று கேட்பவர் என்ன சம்பளம் என்றுதான் கேட்கிறார் என்பது இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே பல்கலைக்கழகங்களுக்கும் அப்படியொரு ரகப்பிரிவினை வந்ததை இங்கே யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எனக்கு அது விமர்சனம் சம்பந்தப்பட்ட பிரச்னையாகப் படுகிறது. எதை எதோடு ஒப்பிடுகிறோம், அளவுகோல் எது, ஒப்பிடுகிற ஆள் யார் — இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கவிதை விஷயத்தில் ஓயாமல் கேட்டுவருகிற கேள்விகள்தாம் இவை.

பட்டியல் என்றதும் நம்மவர்களுக்கு க.நா.சு.வின் ஞாபகம் வராமல் போகாது. தேறுகிற எழுத்தாளர்கள் என்று அவர் அவ்வப்போது ஒரு ஜாபிதா தருவார். காரணங்களை விரித்துச் சொல்லமாட்டார். 1959ல் 'எழுத்து'வைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவோ, அபிப்ராயம் போதாது, படைப்பை அலசிக் காட்டியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இந்தத் தகராறில் நான் செல்லப்பா கட்சி. ஆனாலும் க.நா.சு.வின் ஜாபிதாவில் ஒரு நேர்மை இருந்தது. அதன் அடியில் க.நா.சு. என்ற மனிதர் நின்றார். படித்துவிட்டுத்தான் சொல்கிறார் என்ற நம்பிக்கை இருந்தது. அவரோடு சண்டை போடலாம், பலரும் போட்டார்கள்.

தரவரிசைப் பட்டியலின் அடியில் யாரும் நிற்பதில்லை. பல்கலைக்கழகங்களுக்கான கணக்கில் மொத்தம் 100. கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டதாரிகள் அடைந்த விளைவுக்கு 20, பல தரப்பினருக்கும் இடமளித்ததற்கு 10, வெளியார் மனசில் உள்ள மதிப்புக்கு 10. கடைசிப் பத்தைக் கவனிக்க வேண்டும். பெயர் பெரியது என்பதால் மதிப்பெண். மதிப்பெண்ணால் அந்தப் பெயர் மேலும் பெரியதாகிறது. 2024ல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகம் முதலாவது, ஜாதவ்பூர் இரண்டாவது. 2025ல் ஜாதவ்பூர் முதலாவது, அண்ணா இரண்டாவது. ஓராண்டில் கிண்டியில் எந்த வகுப்பறையில் எது குறைந்தது, கல்கத்தாவில் எது கூடியது என்பது பட்டியலைப் பார்க்கிற தகப்பனுக்குத் தெரிய வழியில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஒரு எண்ணும்.

அந்தப் பெயரை முதலில் அலசிப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான். இந்தக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. 2002ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வேலூரில் ஏற்பட்ட பின் அதன்கீழ் வந்தன. 2021ன் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் நிறைவேறியது. ஆட்சி மாறி, அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்க இன்னொரு சட்டம் நிறைவேறியது. அதன்பின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்லூரிகள் அண்ணாமலையின் இணைப்புக் கல்லூரிகள். எங்கள் கிளையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு பட்டம் கொடுத்தது சென்னை, எனக்குக் கொடுத்தது திருவள்ளுவர், என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கப்போவது அண்ணாமலை. மூவரும் உட்கார்ந்தது ஒரே கட்டிடத்தில், மாடிப்படிக்கு இடப்பக்கத்து அறையில். பெரியவர் இன்றைக்கும் 'பி.ஏ. மெட்ராஸ்' என்று அழுத்திச் சொல்வார். நானோ சென்னையில் ஒரு தனியார் கம்பெனி நேர்முகத்தில், "வேலூர் யுனிவர்சிட்டியா, அப்படி ஒன்று இருக்கிறதா?" என்ற கேள்வியைச் சந்தித்தேன். மேற்கொண்டு கேள்வி வரவில்லை. ஆசிரியர்களோ பாடங்களோ நூலகமோ அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே வகுப்பறை இல்லாமல்தான். 1857ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் ஏற்பட்டபோது அது பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனம். சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் பாடு. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், கடலுக்கு அப்பால் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அந்தச் செமினரி 1855லேயே மூடப்பட்டுவிட்டது. இவர்கள் யாருடைய 'விளைவு'? பட்டத்தில் பெயர் போட்டது சென்னை. ஆளை உருவாக்கியது வட்டுக்கோட்டை. இன்னொன்றும் உண்டு. தாமோதரம் பிள்ளை அரசாங்கக் கணக்கு உத்தியோகம் பார்த்தார், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். வேலையையும் சம்பளத்தையும் பார்க்கிற கணக்கில் இது நல்ல விளைவுதான். அவரே 1887ல் ஏட்டிலிருந்த கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். நமக்கு அவர் யார் என்பது இந்த இரண்டாவது காரியத்தால். இதை எழுதிக்கொள்ள எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது.

அண்ணாமலை வேறு வகை. 1929ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் ஏற்படுத்தியபோது, தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகவே அது உருவானது. வெளியூர்க் கல்லூரிகளுக்குப் பட்டம் கொடுக்கும் வேலை அதற்கில்லை. பெயரும் வகுப்பறையும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு தபால்வழிப் படிப்பில் அந்தப் பெயர் ஊர் ஊராகப் போயிற்று. முதற்பட்டம் இல்லாமலே திறந்தவெளி முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009ல் அதன் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி நெருக்கடி முற்றி 2013ல் மாநில அரசு தனிச்சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிட்ட ஆயிரக்கணக்கான ஊழியர்களை அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பியது. ஆக, சான்றிதழில் அண்ணாமலையின் பெயர் வருவதற்குச் சில வருஷம் முன்பே அண்ணாமலையின் ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்தபோது கல்லூரியின் அந்தஸ்து உயர்ந்ததாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. பெயர் மாறியபோது சொன்னார்கள்.

ஒரே பெயருக்கு இரண்டு மதிப்பு உண்டு என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1978ல் அமைந்த அண்ணா பல்கலைக்கழகத்தில், 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி உண்டு. 2001க்குப் பிறகு அதோடு இணைக்கப்பட்ட, நெடுஞ்சாலையோரப் பொட்டல்களில் எழுந்த பொறியியல் கல்லூரிகளும் உண்டு. சான்றிதழில் முத்திரை ஒன்று. நெய்வேலி வீடுகளில் சம்பந்தம் பேசும்போது, "அண்ணா யுனிவர்சிட்டிதான், சரி, கேம்பஸா, வெளிக் காலேஜா?" என்று கேட்டுவிடுவார்கள். ஒரு பெயருக்குள் எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்று ஜனங்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கேள்வி சாட்சி.

பெயர் இப்படி என்றால் விளைவு எப்படி? கல்லூரிப் பட்டியலில் விளைவு என்று எண்ணப்படுவது குறித்த காலத்தில் தேறியவர்கள், வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், பிறகு இடைநிலைச் சம்பளம். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தை எடுத்துக்கொள்வது இடைநிலை. கல்லூரிக்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கிற இடத்தில் இந்தக் கணக்கு ஓரளவு சரி. அரசுக் கலைக் கல்லூரியிலிருந்து போகிறவன் பட்டம் வாங்கி மூன்று நான்கு வருஷம் பொது நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். போலீஸ், தாலுகா ஆபீஸ், ரயில்வே, பாங்க் என்று எங்கோ ஓரிடத்தில் உள்ளே போகிறான். நான் பாங்க்குக்கு வந்தது பட்டம் வாங்கிய நாலாவது வருஷம். என் கல்லூரிக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஏற்பாடும் இல்லை.

பொதுத்துறை பாங்க்குகளின் குமாஸ்தா வேலைக்கு 2011லிருந்து நாடு முழுவதற்கும் பொதுத் தேர்வு. படிப்புத் தகுதி, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு பட்டம். எனக்கு இந்தப் பக்கத்துக் கவுண்டரில் இருப்பவர் சென்னையின் பேர்பெற்ற கல்லூரியில் இயற்பியல் படித்தவர். அந்தப் பக்கத்தில் இருப்பவர் தபாலில் வணிகவியல் படித்தவர். மூவருக்கும் ஒரே சம்பள விகிதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சமத்துவம். என் மூன்று வருஷத்து இலக்கியமும் அவருடைய இயற்பியலும் பரீட்சைத் தாளில் எங்குமே கேட்கப்படவில்லை என்பதால் கிடைத்த சமத்துவம். பட்டியல், பல்கலைக்கழகங்கள் சமமல்ல என்கிறது. தேர்வு, எல்லாம் சமம் என்கிறது. அங்கே என்ன படித்தாய் என்று கேட்காமலிருப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. 2025ல் எங்கள் வேலைக்கு வாடிக்கையாளர் சேவைத் துணைவர் என்று தேர்வு அறிவிப்பில் பெயர் மாற்றினார்கள். குமாஸ்தா அதே நாற்காலியில்தான் இருக்கிறான்.

இதே அலட்சியம் நெய்வேலியில் இன்னும் பெரிய அளவில் வெளிப்பட்டது. இந்த ஊருக்கு 1956ல் கம்பெனி வந்தபோது பட்டாதான் தகுதி என்று நிலம் கொடுத்த கிராமங்கள் நம்பின. நிலத்துக்கு ஈடாக நிரந்தர வேலை என்பது மூன்று தலைமுறைக் கோரிக்கை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியபோதும் கேட்டது அதே குரல். நடுவில் பட்டா போய்ப் பட்டம் வந்தது. நிலம் போன வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். 2022ல் 299 பட்டதாரிப் பொறியாளர் இடங்களைக் 'கேட்' தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்புவதாக அறிவிப்பு வந்தது. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் தமிழகத்தார் மிகச் சொற்பம் என்று கட்சிகள் எதிர்த்தன. முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். ஒரு தரப்பு மாநிலவாரியாகத் தலை எண்ணியது, மறு தரப்பு மதிப்பெண்ணைக் காட்டியது. சுரங்கத்தைச் சுற்றி முப்பது நாற்பது மைலுக்குள் இத்தனை கல்லூரிகள் இருந்தும், நாலு வருஷம் அங்கே படித்தவர்களால் அந்தத் தேர்வில் ஏன் ஏற முடியவில்லை என்ற கேள்வி இரு தரப்பிலும் அடிபட்டுப் போயிற்று. விமர்சனத்தின் கேள்வி அதுதான். அது வகுப்பறைக்குள் போய்ப் பார்க்கச் சொல்கிறது. அதனால் யாருக்கும் சௌகரியமில்லை.

பட்டியல் வெறும் காகிதமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அதற்கு எங்கள் கவுண்டரில் விலை ஏற்பட்டுவிட்டது. பேர்பெற்ற கல்லூரிகளுக்குக் குறைந்த வட்டி என்று பாங்க்குகள் தமக்குள் ஒரு ஜாபிதா வைத்திருப்பது முன்பே உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட கல்விக்கடன் திட்டம், தேசியத் தரவரிசையையே நேராக அளவுகோலாக எடுத்துக்கொண்டது. வரிசையில் முதல் 100க்குள் வந்தவை, 101லிருந்து 200க்குள் வந்த மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசின் நிறுவனங்கள் என்று ஆரம்பத்தில் 860. இவற்றில் இடம் கிடைத்தால் அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. மற்ற கல்லூரிகளுக்குக் கடனே இல்லை என்பதில்லை. பழைய திட்டங்கள் இருக்கின்றன. பட்டியலில் உள்ள பெயருக்குக் கதவு அகலமாகத் திறக்கிறது, அவ்வளவுதான்.

சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் ஒருவர் சென்ற வருஷம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அரசுக் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. பட்டியலில் உள்ள ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும், வருஷத்துக்கு லட்சங்களில் கட்டணத்தோடு, இடம் கிடைத்திருந்தது. விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கடன் குடுக்கற காலேஜ்தானே சார் நல்ல காலேஜா இருக்கும்? இல்லாட்டி பாங்குல துணிஞ்சு குடுப்பாங்களா?"

இந்த வாக்கியத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. பட்டியலை ஏளனம் செய்வது எனக்குச் சுலபம். எந்தக் கல்லூரி எப்படி என்பது சில குடும்பங்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்து தெரியும். அவர்களுக்குப் பட்டியல் வேண்டாம். அந்தத் தகப்பனுக்குப் பாட்டன் ஸ்தானத்தில் பட்டியல்தான் இருக்கிறது. பட்டியல் வந்தபின் ஆசிரியர் இல்லாத துறைகளும் ஆராய்ச்சி இல்லாத ஆராய்ச்சிக் கூடங்களும் வெளியே பேசப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் இங்கே நடப்பது வேறு. பெயருக்குப் பட்டியலில் மதிப்பெண், மதிப்பெண்ணுக்குக் கடன், கடன் கிடைப்பதே பெயருக்கு அத்தாட்சி. இந்தச் சுற்றில் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பத்து வருஷம் ஈடாக வைக்கப்படுகிறது. தவணையைக் கட்டப்போவது வரிசை எண் இல்லை, அவள்தான்.

இதே கவுண்டர் வழியாக இன்னொரு பணமும் போகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு, 2022லிருந்து மாநில அரசு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கணக்கில் போடுகிறது. கல்லூரிக்கு வரிசை எண் என்ன என்று அது கேட்பதில்லை. கடன் திட்டம் அவள் எங்கே போகிறாள் என்று பார்க்கிறது. இந்தத் திட்டம் எங்கிருந்து வருகிறாள் என்று பார்க்கிறது. 1000 ரூபாய் பெரிய தொகையில்லை. பஸ் பாசையும் மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டாது. ஆனாலும் ஒப்பிடும் முறை என்ற வகையில் இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு கல்லூரி ஆளை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது என்று அளக்க, அவள் புறப்பட்ட இடத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாலு பட்டதாரிகள் உள்ள பையனை 20 லட்சம் சம்பளத்துக்குக் கொண்டுவிட்ட கல்லூரியும், ரேஷன் கார்டைத் தவிர அச்சிட்ட காகிதம் நுழையாத வீட்டுப் பெண்ணைக் கிராம நிர்வாக அலுவலர் ஆக்கிய கல்லூரியும் ஒரே முழக்கோலில் நிற்கும்போது, முழக்கோல் எதை அளக்கிறது?

அந்தத் தகப்பனிடம் நான் கல்லூரியின் பெயரைப் பற்றிப் பேசவில்லை. கணிதத் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், எத்தனை கௌரவ விரிவுரையாளர்கள், நூலகம் சாயந்தரம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, சென்ற மூன்று வருஷத்தில் அங்கிருந்து யார் யார் எங்கே மேற்படிப்புக்குப் போனார்கள் — இதையெல்லாம் இரண்டு இடத்திலும் போய்க் கேட்டு வாருங்கள் அண்ணே என்றேன். செல்லப்பா பாஷையில் இது அலசல். அவர் அரசுக் கல்லூரிக்குப் போய் ஒரு நாள் முழுக்க இருந்து விசாரித்துவிட்டு வந்தார். பெண் அங்கே சேர்ந்துவிட்டாள். அது நல்ல முடிவா என்று சொல்ல இன்னும் சில வருஷம் ஆகும். தகப்பனும் மகளும் தாங்களே பார்த்து எடுத்த முடிவு என்பது மட்டும் நிச்சயம்.

என் கல்லூரியில் ஓர் ஆசிரியர் இருந்தார். தமிழ் மீடியத்திலிருந்து வந்த நாற்பது பேருக்கு, பரீட்சைக்கு வராத கவிதைகளை வாரம் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டுவார். சிலர் தூங்குவோம். தமிழில் இப்படி யார் எழுதுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, மறுநாள் பழைய சிறுபத்திரிகைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை என் பட்டத்தின் விளைவு அந்தப் பை. என் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கணக்கிலோ அந்தக் கல்லூரியின் கணக்கிலோ அது ஏறாது. ஏற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஏறினால் அதற்கும் ஒரு மதிப்பெண் வைத்து, வருஷம் இத்தனை பை என்று கெடுத்துவிடுவார்கள்.

ஆனால் அதை யாராவது சொல்ல வேண்டும். இன்ன ஊரில் இன்ன துறையில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இன்ன இடத்தில் வகுப்பே நடப்பதில்லை என்று, நேரில் தெரிந்த ஒருவர் தம் பெயரைக் கீழே போட்டு எழுத வேண்டும். தப்பென்றால் மற்றவர்கள் வந்து சண்டை பிடிக்கட்டும். இந்தப் பத்திரிகை போய்ச் சேரும் சில நூறு பேரில் பாதிப்பேர் கல்லூரிகளில் ஆசிரியர்கள். கவிதை பற்றித் தயங்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்கள், தாங்கள் வேலை பார்க்கும் துறை பற்றி இதுவரை ஒரு பக்கம் எழுதியதில்லை. அந்த இடம் காலியாக இருக்கும்வரை, கையெழுத்தில்லாத பட்டியல்தான் கவுண்டருக்கு வருகிற தகப்பன்மார்களுக்கு வழிகாட்டும்.